மூளைக்கு இரத்தம் போகும் வழி

எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது வலது கை சோர்ந்து கரண்டி நழுவியது. பேச்சும் குழறியது. 'வாயுப் பிடிப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று தைலம் தடவிப் படுக்க வைத்தார்கள். விடிந்த பிறகே என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவரால் பேசவே முடியவில்லை. மாணவர்களுக்கு உடற்கூறு நடத்தும் நான், அந்தப் பாடத்தை வாசகர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு ஏதும் கிடையாது, அன்றாடங்காய்ச்சிக் குடும்பம்! இரத்தம் அடியோடு நின்றால் சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும்.

இரத்தத்தைக் கொண்டு வருபவை நான்கு தமனிகள். கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பவை கரோட்டிட் தமனிகள். அவற்றின் உட்கிளைகள் இரண்டும் மண்டையோட்டுக்குள் நுழைகின்றன. மற்ற இரண்டும் வெர்ட்டிப்ரல் தமனிகள். இவை கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே, மணியில் நூல் கோத்தாற்போல் மேலேறி, மூளைத்தண்டின் முன்புறம் ஒன்றாகச் சேர்கின்றன.

மூளையின் அடியில் இவையெல்லாம் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் இதை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரே இதற்கு வழங்குகிறது. தில்லிவாசிகளுக்கு ரிங் ரோடு என்றால் புரிந்துவிடும். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கமாகச் சுற்றி வரலாம். ஆனால் பலருக்கு இந்த வளையம் எங்காவது மெலிந்தோ விடுபட்டோ இருக்கும். தவிர, ரிங் ரோட்டைத் தாண்டிக் கிளைத் தெருவுக்குள் அடைப்பு என்றால் சுற்றுவழி அதிகம் உதவாது.

வளையத்திலிருந்து பக்கத்துக்கு மூன்று பெரிய கிளைகள் புறப்படுகின்றன. முன் தமனியின் எல்லையில் கால்களின் இயக்கம். நடுத் தமனியில் முகமும் கையும். பின் தமனியில் பார்வை. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பக்கமே. வலது கையும் பேச்சும் சேர்ந்து போனது ஏன் என்று இப்போது விளங்கும். பெரியவருக்கு இடது நடுத் தமனியில் அடைப்பு. ஸ்கேனும் அதையே காட்டியது.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அவருக்கு அந்த நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிட்டது.

முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சு குழறினால் உடனே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அப்போதே கிளம்புங்கள். விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.