கட்டளை ஒரே வரி, வேலை அதற்கு முன்னால்

கேள்வி: பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனத்தில் கையேடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கையேடுகள், எல்லாம் வேர்டு கோப்புகள். எது கடைசியாகத் திருத்தியது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருப்பதால், அத்தனையையும் மார்க்டவுனுக்கு மாற்றி, திருத்தங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். பான்டாக் கொண்டு ஒரு கையேட்டை மாற்றிப் பார்த்தேன். படம் ஒன்றுகூட வரவில்லை. தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக நிற்கின்றன. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்ப் பகுதிகள் குப்பையாகிவிட்டன. டீலர்களுக்கு வழக்கம்போல வேர்டும் பிடிஎஃப்பும் கொடுத்தாக வேண்டும். பான்டாக் இதற்குச் சரிப்படுமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் சரிப்படும். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் படம் மட்டுமே கட்டளையில் திருத்த வேண்டியது. மற்ற இரண்டும் உங்கள் வேர்டு கோப்புகளுக்குள் முன்பே இருந்தவை. பான்டாக் அவற்றை வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேன் 2006-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தாவாது. கோப்பைப் படித்து முதலில் ஒரு மர அமைப்பாக்கும், அந்த மரத்திலிருந்துதான் புதிய வடிவத்தை எழுதும். மரத்தில் தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு, இணைப்பு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. எழுத்துரு, எழுத்தின் அளவு, பக்க ஓரம், பக்கத்தின் மேலும் கீழும் ஓடும் வரிகள் ஆகியவற்றுக்கு இடமில்லை. அமைப்பு கடந்து வரும், தோற்றம் வராது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

படத்தை முதலில் முடித்துவிடுவோம். (ஆப்ஷன் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) உங்கள் மார்க்டவுனைத் திறந்தால் 'மீடியா' என்ற ஃபோல்டரில் உள்ள படத்துக்கு இணைப்பு இருக்கும், ஆனால் அந்த ஃபோல்டரே இருக்காது. 'எக்ஸ்ட்ராக்ட்-மீடியா' என்ற ஆப்ஷனோடு ஒரு ஃபோல்டர் பெயரையும் கொடுத்தால் படங்கள் அங்கே இறங்கும். கூடவே 'வ்ராப்' ஆப்ஷனுக்கு 'நன்' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பான்டாக் 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். அப்புறம் பத்தியில் ஒரு சொல்லைத் திருத்தினாலும், நாலைந்து வரி மாறியதாக கிட் காட்டும். வெளியீட்டு வடிவமாக கிட்ஹப் வகை மார்க்டவுனான 'ஜிஎஃப்எம்' போதும். ஒரே கலத்துக்குள் பல பத்திகள் உள்ள அட்டவணைகளை மட்டும் அது எச்டிஎம்எல் ஆகவே எழுதும். அவற்றைக் கையால் பிரித்து எழுதுவதே நல்லது.

அடுத்தது தலைப்பு. ஒரு கையேட்டை 'நேட்டிவ்' என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், அந்த மரமே எழுத்தில் வரும். வேர்டில் 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுத்த வரி அதில் 'ஹெட்டர் 1' என்று இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு மட்டும் போட்ட வரி 'பேரா' என்று தொடங்கி, உள்ளே 'ஸ்ட்ராங்' என்று இருக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் தலைப்பு, பான்டாக்குக்கு இரண்டாவது வெறும் பத்தி. வேர்டின் ஹோம் பட்டையில் 'செலக்ட்' பட்டியலுக்குள் ஒரே மாதிரி வடிவமைத்த எழுத்தையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அப்படித் தேர்ந்தெடுத்து ஸ்டைலை ஒரே கிளிக்கில் கொடுத்துவிடலாம். நூறு கோப்புக்கும் அதைச் செய்ய ஆள் இல்லையென்றால், முழுவதும் தடித்த எழுத்தாக உள்ள பத்தியைத் தலைப்பாக்கும் லுவா ஃபில்டர் ஒன்றை எழுதிக்கொள்ளலாம், சில வரிகள்தான். ஆனால் "மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று போல்டில் போட்ட எச்சரிக்கையையும் அது தலைப்பாக்கிவிடும். எச்சரிக்கைகளுக்குத் தனி ஸ்டைல் வைத்திருந்தால் உள்ளீட்டு வடிவத்தை 'டாக்எக்ஸ்+ஸ்டைல்ஸ்' என்று கொடுங்கள். ஸ்டைலின் பெயரும் மரத்துக்குள் வரும், ஃபில்டர் அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும்.

பாமினிதான் கவனமாகக் கையாள வேண்டியது. அந்தக் கோப்பில் தமிழ் எழுத்தே கிடையாது. 'ம்' என்று திரையில் தெரிவது உண்மையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான், தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துருவுக்கு மரத்தில் இடமில்லாததால் அது உதிர்ந்து, அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. ஆகவே யூனிகோடு மாற்றம் பான்டாக்குக்கு முன்னால் நடக்க வேண்டும். மார்க்டவுன் ஆன பிறகு எது பாமினி, எது ஆங்கிலம் என்று எந்தக் கருவிக்கும் தெரியாது, மோட்டாரின் மாடல் எண்கூடத் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டுக்குள் இருக்கும்வரை எழுத்துருவை வைத்தே தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து யூனிகோடு மாற்றியில் போட்டு, அதே இடத்தில் வையுங்கள்.

டீலர்களுக்கான வேர்டுக்கு 'ரெஃபரன்ஸ்-டாக்' ஆப்ஷன் இருக்கிறது. பான்டாக்கே ஒரு மாதிரி வேர்டு கோப்பைத் தரும். அதில் ஸ்டைல்களையும் பக்க ஓரத்தையும் உங்கள் நிறுவனத்தின் பாணிக்கு மாற்றிச் சேமியுங்கள். அந்த மாதிரியில் உள்ள எழுத்தைப் பான்டாக் கண்டுகொள்ளாது, தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப்புக்கு அந்த வேர்டையே ஏற்றுமதி செய்வது சுலபம். நேரடியாக வேண்டுமென்றால் பிடிஎஃப் எஞ்சினாக ஸீலேடெக்கைத் தேர்ந்தெடுங்கள், தமிழும் ஆங்கிலமும் உள்ள எழுத்துருவைக் கொடுங்கள். 'மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸ்' என்ற மாறியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் சொல்லுங்கள். அதை விட்டால் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்குக் கொடுத்தால், பான்டாக் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். வெளியீட்டைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் திருத்தங்கள் முடிவெடுக்கப்படாமல் கிடந்தால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். பம்ப் கையேட்டில் யாரோ மாற்றிவைத்த ஒரு வோல்டேஜ் எண் இப்படிச் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடக்கூடும். அவற்றை மாற்றத்துக்கு முன்பே பொறியாளரிடம் காட்டித் தீர்த்துவிடுங்கள். இருப்பதிலேயே மோசமான நாலைந்து கையேடுகளை எடுத்து முதலில் ஓட்டுங்கள். அவை ஒழுங்காக வந்துவிட்டால் மற்றவற்றை ஒரு லூப்பில் போட்டு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்.