எளியோர்க்குச் சட்ட ஆலோசனை: எந்திரத்தின் பணியும் வழக்கறிஞரின் பொறுப்பும்

வறுமை காரணமாக எவருக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 39-அ பிரிவு அரசுக்கு விதித்துள்ள நெறியாகும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இப்பிரிவைச் சேர்த்தது. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற குற்றவாளிக் கூண்டிலுள்ளோருக்கு இலவச சட்ட உதவி வழங்குவது நியாயமான விசாரணையின் இன்றியமையாத கூறு என உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றியே இச்சட்டத்தின் கீழ் உதவி பெறலாம்.

நீதிமன்றத்திற்கு முந்தைய கட்டம்

எனினும், எளியோர் உரிமையை இழப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அன்று; அதன் வாயிலை அடையுமுன்னரே ஆகும். சிறு வணிகர் ஒருவர் சரக்குக்கு ஈடாகப் பெற்ற காசோலை, கணக்கில் பணமின்றித் திரும்பியதாகக் கொள்வோம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவர் 15 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடில், அதற்கடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும். இக்கெடுக்களை அறியாதவருக்குச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இவ்விடைவெளியைக் குறைக்கவே 2017இல் மத்திய அரசு டெலி-லா திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறப் பொதுச் சேவை மையங்களின் வழியே, தொலைபேசி அல்லது காணொலி மூலம், மக்கள் வழக்கறிஞர்களுடன் பேச இத்திட்டம் வழிவகுத்தது. இன்று சாட்பாட் எனப்படும் உரையாடு மென்பொருளும் இத்துறையில் நுழைந்துள்ளது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே கேள்வி.

எந்திரம் செய்யத்தக்கவை

வழக்கறிஞரின் நேரத்தில் கணிசமான பகுதி ஆலோசனை கூறுவதில் செல்வதில்லை. விவரங்களைக் கேட்டறிவதிலும், ஆவணங்களை வரிசைப்படுத்துவதிலும், நாட்களைக் கணக்கிடுவதிலும் செல்கிறது. இப்பணிகளைச் சாட்பாட் குறைந்த செலவில் செய்யக்கூடும். காசோலை எந்நாளில் திரும்பியது, அறிவிப்பு அனுப்பப்பட்டதா, கடனுக்குரிய சான்று உள்ளதா என்று வணிகரின் தாய்மொழியிலேயே கேட்டு, ஒரு பக்கச் சுருக்கமாகத் தொகுத்து வழக்கறிஞரிடம் சேர்க்கலாம். எழுதப் படிக்க அறியாதோருக்குக் குரல்வழி வசதியும் அளிக்கலாம். இதனால் வழக்கறிஞர் அதே நேரத்தில் மேலும் பலருக்கு உதவ இயலும்; ஆலோசனையின் செலவும் குறையும்.

எந்திரம் தவறுமிடங்கள்

ஆயினும் சாட்பாட்டின் விடை சரளமாக இருப்பதாலேயே சரியானதாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா ஏற்றது. 420ஆம் பிரிவின் கீழிருந்த மோசடிக் குற்றம் இப்போது 318ஆம் பிரிவில் அடங்கும். பழைய நூல்களில் பயிற்றப்பட்ட மென்பொருள், வழக்கொழிந்த பிரிவைத் தயக்கமின்றிக் கூறக்கூடும். இல்லாத தீர்ப்புகளைப் படைப்பதும் உண்டு. 2023இல் நியூயார்க்கில், சாட்பாட் உருவாக்கிய பொய்த் தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பு காண்பதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது.

மேலும், விதியை அறிவது வேறு, வழியைத் தேர்வது வேறு. மேற்கண்ட வணிகர் அறிவிப்புக் கெடுவைத் தவறவிட்டிருந்தால், சாட்பாட் கெடு முடிந்தது என்று மட்டும் கூறி அவரை நம்பிக்கையிழக்கச் செய்யலாம். காசோலை செல்லத்தக்க மூன்று மாதத்திற்குள் அதனை மீண்டும் வங்கியில் செலுத்தலாமா, உரிமையியல் வழக்குத் தொடரலாமா, சமரசமே மேலானதா என்பதை எடைபோட அனுபவம் வாய்ந்த வழக்கறிஞர் தேவை.

பொறுப்பும் இங்கு முக்கியமானது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டத் தொழில் புரியும் உரிமை பதிவு பெற்ற வழக்கறிஞருக்கே உண்டு. நீதிமன்றத்திற்கு வெளியே சட்டக் கருத்து வழங்குவதும் இத்தொழிலில் அடங்கும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞர் தவறிழைத்தால் பார் கவுன்சிலில் முறையிடலாம். கட்சிக்காரர் அவரிடம் கூறியவற்றைச் சாட்சியச் சட்டம் காக்கிறது. மென்பொருளிடம் கூறியதற்கு அத்தகைய காப்பு இருப்பதாகக் கருதிவிட இயலாது.

இணைப்பிற்கான நெறிகள்

ஆகவே, தகவல் தருவது எந்திரத்தின் பணி, ஆலோசனை தருவது வழக்கறிஞரின் பணி என்ற எல்லை முதலில் வகுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, கைது, குடும்ப வன்முறை, வீட்டிலிருந்து வெளியேற்றம், கெடு நெருங்கிய வழக்குகள் ஆகியவற்றைச் சாட்பாட் தாமதமின்றி வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதாக, தாம் பேசுவது எந்திரத்துடன் என்பதை மக்கள் அறிய வேண்டும். எந்நிலையிலும் மனிதரைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். நான்காவதாக, வழங்கப்படும் ஒவ்வோர் ஆலோசனையும் பெயர் தாங்கிய வழக்கறிஞர் ஒருவரின் பொறுப்பில் அமைய வேண்டும். கைப்பேசி இல்லாதோருக்குச் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களின் துணையும் தொடர வேண்டும்.

வசதி படைத்தோருக்கு வழக்கறிஞர், வறியோருக்கு எந்திரம் என்ற நிலை உருவாகுமானால், 39-அ பிரிவு ஒழிக்க முனைந்த வேறுபாடு புதிய வடிவில் திரும்பிவிடும். எந்திரத்தால் மிச்சமாகும் நேரம் வறியவருக்காக வழக்கறிஞர் செலவிடும் நேரமாக மாறுகிறதா என்பதே இம்முயற்சியின் வெற்றியை அளக்கும் அளவுகோலாகும்.