சாப்ட்வேர் கடைசியில், டெக் முதலில்

கல்யாண வீடியோ கேசட்டுகளை வீட்டிலேயே டிவிடிக்கு மாற்றப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "எந்த சாப்ட்வேர்?" என்றுதான். அது கடைசி வேலை. படம் தேறுமா தேறாதா என்பது கேசட்டிலும் அதை ஓட்டும் டெக்கிலுமே முடிவாகிவிடுகிறது.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் விபூதி தூவியதுபோல் வெளுத்திருந்தால் அது பூஞ்சை. சென்னை போன்ற கடலோர ஊர்களில், பரணில் கிடந்த கேசட்டுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அதை அப்படியே டெக்கில் போடவே கூடாது. டெக்கினுள் டேப்பைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. பொடி அதில் அப்பினால் படம் மறையும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். நான் பூஞ்சைக் கேசட்டுகளைத் தனிப் பையில் கட்டி ஒதுக்கிவிட்டு, சுத்தமானவற்றை முதலில் முடித்தேன். ஒதுக்கியவை டெக் மெக்கானிக்கிடம் போயின. வேறு பிரதி இல்லாத கேசட்டில் கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம். பஞ்சு இழை மாட்டினால் ஹெட் நுனி உடைந்துபோகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை உருளைமேல் லேசாக ஒட்டிப் பிடித்து, உருளையை மேலிருந்து கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தாள் கறுத்து வரும். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் கேசட்டை ஒருமுறை முழுக்க ஓட்டி, ரிவைண்ட் செய்துவிட்டுப் பதிவைத் தொடங்கலாம்.

யுஎஸ்பி கேப்சர் கருவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை மாட்டுவது சுலபம். நம் ஊர்க் கேசட்டுக்கு 'பால்' (PAL) முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்தில் கணினியில் வேறு வேலை பார்த்தால் ஃப்ரேம்கள் விட்டுப்போய், நாதஸ்வரக்காரர் ஊதி முடித்தபிறகு ஓசை வரும்.

4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணிக்காதீர்கள். திணித்தால் ஹோமப் புகையும் பட்டுச் சரிகையும் கட்டம் கட்டமாகச் சிதறும். இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே சரி. டிஸ்க்மேல் காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், மார்க்கரால் எழுதினால் போதும். டிஸ்க் என்பது சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. மூலக் கோப்பு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கட்டும். யூடியூபை நம்ப முடியாது. ஸ்டுடியோக்காரர்கள் தாலி கட்டும் இடத்தில்கூடச் சினிமாப் பாட்டைப் போட்டிருப்பதால் காப்புரிமைப் புகார் வந்து நிற்கும்.

விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016இல் அதை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் உங்கள் வீட்டில் இருந்தால், கேசட்டுகளை மாற்றி முடிக்கும்வரை காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.