இழை அறுபடாக் கோலமும் இடத்தியலும்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மொழி நம் மொழி. ஆயினும், தமிழ் இலக்கியம் பயில வருவோர் எண்ணாகிய கண்ணைப் பள்ளி வாயிலிலேயே மூடிவிட்டு வருதலை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ‘கணக்கு எமக்கு வராது’ என்று கூறும் மாணவியே மார்கழித் திங்களில் தன் வீட்டு வாசலில் ஐம்பது புள்ளி வைத்து, ஓரிடத்தும் இழை அறுபடாமல் கோலத்தை முடிக்கிறாள். அவள் செய்வது கணிதமே என்பதை அவளுக்கு எடுத்துரைத்தவர் இலர். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடத்தியல் என்பது யாது?

டோப்பாலஜி என உலகோர் வழங்கும் கணிதப் பிரிவைத் தமிழில் இடத்தியல் என்பர். நீளம், பரப்பு, கோணம் ஆகியவற்றை அளப்பது வடிவியலின் பணி. இடத்தியலோ இவ்வளவுகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பொருளை இழுத்தாலும், வளைத்தாலும், நெளித்தாலும் மாறாது நிற்கும் பண்பு எது என்பதே அதன் வினா. கிழித்தலும் புதிதாக ஒட்டுதலும் மட்டுமே அதற்கு ஆகாதவை. இந்நோக்கில் உளுந்து வடையும் கைவளையலும் ஓரினம். இரண்டிலும் துளை ஒன்றே. இட்டிலியும் போண்டாவும் மற்றோரினம். அவற்றில் துளையே இல்லை.

இத்துறைக்கு வித்திட்டவர் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை. கோனிக்ஸ்பர்க் நகரில் ஆற்றின் குறுக்கே ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை மட்டுமே கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்பது அந்நகர மக்களின் புதிர். இயலாது என 1736ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் நிறுவினார். பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த நிலப்பகுதி எதனோடு எத்தனை பாலங்களால் இணைந்துள்ளது என்பது ஒன்றே போதியதாயிற்று. பின்னர் 1847இல் லிஸ்டிங் என்னும் செருமானிய அறிஞர் இத்துறைக்கு டோப்பாலஜி என்னும் பெயரைச் சூட்டினார்.

கோலத்தில் இடத்தியல்

இனி நம் வாசலுக்கு வருவோம். சிக்குக் கோலம், கம்பிக் கோலம் என்றெல்லாம் வழங்கும் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றிச் செல்லும். அருகருகே உள்ள இரு புள்ளிகளுக்கு இடையில் இழைகள் ஒன்றையொன்று வெட்டும். ஓரத்தை அடைந்ததும் வளைந்து உள்ளே திரும்பும். வெட்டுமிடத்தில் இழை திரும்பாது. நேரே கடந்து செல்லும். இவ்வளவே விதி.

வரிசைக்கு மூன்று புள்ளியாக இரண்டு வரிசை வைத்து இவ்விதிப்படி இழுத்துப் பாருங்கள். தொடங்கிய இடத்திற்கே இழை வந்து சேரும். ஆறு புள்ளிகளையும் ஒரே இழை சூழ்ந்துவிடும். இனி வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசை வைத்து இழுத்துப் பாருங்கள். ஓரிழை முடிந்த பின்னும் கோலம் நிறைவு பெறாது. இரண்டாம் இழை வேண்டும். இதற்குக் காரணம் என்ன? நீள்சதுரமாக வைத்த இத்தகைய கோலத்தில், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உரிய மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, இழைகளின் எண்ணிக்கையும் அதுவே. மூன்றுக்கும் நான்குக்கும் அது 1, ஆதலின் ஓரிழை. நான்குக்கும் ஆறுக்கும் 2, ஆதலின் ஈரிழை. ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து இழைகள்.

சதுரக் கோலத்தையும் ஓரிழையில் முடிக்கும் பெண்டிர் உளரே எனில், அவர்தம் நுட்பம் வேறு. இரு வேறு இழைகள் வெட்டுமோரிடத்தில் அவற்றை வெட்டவிடாமல் விலக்கித் திருப்பிவிடுவர். அவ்வொரு மாற்றத்தால் இரண்டு இழைகளும் இணைந்து ஒன்றாகிவிடும். எவ்விடத்தில் விலக்கினால் எவ்விழைகள் சேரும் என்பதை அவர்கள் ஏட்டில் கற்றதில்லை, கை அறிந்திருக்கிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. முன்னர் இட்ட ஆறு புள்ளிக் கோலத்தில் வெட்டுமிடங்கள் 7. ஒரு வெட்டுமிடத்திலிருந்து அடுத்த வெட்டுமிடம் வரையுள்ள இழைத்துண்டுகள் 14. இழைகளால் பிரிந்த பகுதிகள் 9. புள்ளியுள்ளவை 6, புள்ளியின்றி நடுவே அமைந்தவை 2, கோலத்திற்கு வெளியே உள்ள பரப்பு 1. ஏழிலிருந்து பதினான்கைக் கழித்து ஒன்பதைக் கூட்டினால் 2 வரும். நான்கு புள்ளிக் கோலத்தில் இவை முறையே 4, 8, 6. அங்கும் விடை 2. இது ஆய்லர் கண்ட விதியின் ஒரு வடிவம். அறுபடாது இணைந்த கோலம் எதுவாயினும், தரையில் எவ்வளவு நெளித்து வரைந்தாலும், இவ்விரண்டு மாறுவதில்லை.

பாட்டில் இடத்தியல்

இவ்வமைப்பு வாசலோடு நின்றுவிடவில்லை; நம் யாப்பிலும் புகுந்துள்ளது. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் சித்திரகவிகளுள் நாகபந்தம் ஒன்று. இரண்டு பாம்புகள் தம்முள் பின்னிக் கிடப்பதாக உருவம் வரைந்து, அதனுள் இரண்டு வெண்பாக்களை அமைப்பர். பாம்புகள் ஒன்றையொன்று கடக்கும் சந்திகளில் நிற்கும் எழுத்து இரண்டு வழிக்கும் பொதுவாக நின்று பொருள் தரவேண்டும். படிப்போர் சந்தியில் வழி மாறாது நேரே கடத்தல் வேண்டும். கோலத்தின் விதியும் இதுவே அன்றோ! பாம்பின் உடலை நீட்டி வரைந்தாலும் குறுக்கி வரைந்தாலும் பாடல் கெடாது. சந்தி ஒன்று பிறழ்ந்தால் கெடும். சித்திரகவியைச் சொல் விளையாட்டு என ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

பெருந்துறைக்கு அணித்தான சென்னிமலைத் தறிகளிலும் பவானி ஜமுக்காளத்திலும் இதன் மற்றொரு வடிவைக் காணலாம். பாவு நூலின் மேலும் கீழும் ஊடை மாறி மாறிச் செல்வதாலேயே துணி துணியாக நிற்கிறது. நூலின் நிறமும் பருமனும் மாறலாம்; மேல் கீழ் என்னும் முறை மாறினால் நெசவே வேறாகிவிடும்.

கலையிலும் அறிவியலிலும்

தாள் நாடா ஒன்றை ஒருமுறை அரைத்திருப்பம் முறுக்கி, இரு முனைகளையும் ஒட்டினால் கிடைப்பது மோபியஸ் பட்டை. அதற்குப் பக்கம் ஒன்றே, விளிம்பும் ஒன்றே. 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்னும் இருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். டச்சு ஓவியர் எஷர் அதன்மீது எறும்புகள் ஊர்வதாக 1963இல் மர அச்சு ஓவியம் படைத்தார். இவ்வோவியர் ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ரா மாளிகைக்கு 1922இலும் 1936இலும் சென்று, அங்கு முஸ்லிம் கலைஞர்கள் சுவரெங்கும் அமைத்த கோலங்களைக் கண்டு தம் கலைக்கு வழி தேடிக்கொண்டார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான இலண்டன் சுரங்க இரயில் படம் தொலைவைக் காட்டாது. எந்த நிலையம் எதனோடு இணைகிறது என்பதையே காட்டும். நம் உயிரணுக்களுள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழையின் சிக்கலை அவிழ்க்கும் நொதிகளுக்கு டோப்போஐசோமரேஸ் என்றே பெயர். 2016ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசும் பொருள்களின் இடத்தியல் நிலைகளைக் கண்ட தவுலஸ், ஹால்டேன், கோஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவர்க்கு வழங்கப்பெற்றது.

கோலமும் ஆய்வுலகில் இடம்பெறாமல் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு இணைந்து 1974இல் கோலத்திற்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடரை ஆக்க விதிகள் இருப்பதுபோல் கோலத்தை ஆக்கவும் விதிகள் உண்டு எனவும், அவற்றைக் கொண்டு கணினி கோலமிட இயலும் எனவும் அவ்வாய்வு காட்டிற்று. இத்தகைய படிமுறையை ஆங்கிலேயர் அல்காரிதம் என்பர். அச்சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

முடிவுரை

இஸ்லாமிய இல்லங்களின் வாசலில் கோலமிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எனினும், அண்டை வீட்டு வாசலில் விளங்கும் அறிவை அறிவெனக் கண்டு போற்றுதல் நமக்கும் கடனே. கல்வியைத் தேடுதல் கடமை எனப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி நிற்போர், அக்கல்வி பள்ளி சென்றறியாத மூதாட்டியின் விரல் நுனியில் இருப்பினும் அதனை நாடுதல் வேண்டும்.

இன்று ஒட்டுக் கோலங்கள் கடைகளில் விற்கின்றன. வாசலும் சிறுத்துவிட்டது. கோலத்தின் வடிவம் அச்சில் எஞ்சும். எங்கே தொடங்கி எங்கே விலக்கித் திருப்பினால் ஓரிழையாகும் என்னும் அறிவு அச்சில் எஞ்சாது. அது சொல்லிக் கொடுக்கும் கையோடு மறைவது. ஆதலின், தமிழ்த்துறை மாணவ மாணவியர் விடுமுறையில் தத்தம் ஊர் மூதாட்டியரை அணுகிக் கோலத்தின் பெயர், புள்ளிக் கணக்கு, இழைகளின் எண்ணிக்கை, கை செல்லும் வழி ஆகியவற்றைக் குறித்து வருவார்களாக. கணிதத்துறை மாணவர்கள் அக்குறிப்புகளை ஆய்ந்து விதி காண்பார்களாக. இரு துறைகளும் இவ்வாறு இணையுமாயின், எண்ணும் எழுத்தும் நம் கல்லூரியில் மீண்டும் ஓரிழையாகும்.