ஒளி சொல்லும் சான்று

நுழையும்முன்

ஒரு பொருளை நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் அறிவது நம் வழக்கம். இம்மூன்றும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. அங்கே, பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளி உண்மையைச் சொல்லும். தமிழ்மண்ணில் பிறந்த அறிஞர் இருவர் கண்டறிந்த அறிவியல் உண்மை, இன்று கையடக்கக் கருவியாகி நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் திறத்தை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

விழுப்புரம் மாவட்டத்தின் நெய்தல் நிலம் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். உப்பளமும் மீன்பிடித் தொழிலும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரை இதே நஞ்சு பறித்தது.

மதுவில் உள்ளது எத்தனால். அதுவும் உடலுக்குக் கேடு தருவதே. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலோ கொடிய நஞ்சு. இரண்டும் நிறமற்ற நீர்மங்கள். மணத்தாலும் எளிதில் பிரித்தறிய இயலாதவை. எத்தனால் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் இரண்டு, மெத்தனாலில் ஒன்று. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குருதியின் அமிலத்தன்மையைக் கூட்டி உயிரைப் பறிக்கிறது. அறிகுறிகள் பல மணிநேரம் கழித்தே தோன்றுவதால், குடித்தவர் ஆபத்தை உணர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே நஞ்சை விரைந்து அறிதல் உயிர்காக்கும் முதற்படியாகும்.

இராமன் காட்டிய வழி

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டு கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலநிறத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து ஒளிச்சிதறலை ஆய்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு உறுதிப்பட்டது. 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நீர்மத்தின்மீது ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியின் பெரும்பகுதி நிறம் மாறாமலே வெளிவரும். மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறின் அதிர்வுகளோடு ஆற்றலைப் பரிமாறி, நிறம் மாறி வெளிப்படும். அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். மனிதருக்குக் கைரேகை போன்றது அது. இராமன் நிறமாலையில் எத்தனாலின் வலிய கோடு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 880 என்னும் அலை எண்ணிலும், மெத்தனாலின் கோடு ஏறத்தாழ 1030இலும் அமைகின்றன. கண்ணும் மூக்கும் காணாத வேறுபாட்டை ஒளி இவ்வாறு எண்ணால் காட்டுகிறது.

முன்பு ஓர் அறையை நிரப்பிய இக்கருவி, சிறிய லேசர்களின் வரவால் கையில் ஏந்தும் அளவுக்குச் சுருங்கியுள்ளது. 2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போலி மதுவில் கலந்த மெத்தனாலைப் புட்டியைத் திறவாமலேயே கையடக்கக் கருவியால் கண்டறிந்து காட்டினர்.

துகளின் துணை

மெத்தனால் மிகுதியாகக் கலந்திருந்தால் இராமன் ஒளியே போதும். நீரில் மிகச் சிற்றளவில் கரைந்துள்ள பூச்சிக்கொல்லியைக் காண அது போதாது. ஏனெனில் இராமன் ஒளி மிகவும் மங்கலானது. இங்கே துணைக்கு வருபவை தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நானோ துகள்கள். ஒளி படும்போது இத்துகள்களின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒருங்கே அதிர்கின்றன. துகளை ஒட்டியுள்ள மூலக்கூறின் மங்கலான ஒளி அதனால் பல்லாயிரம் மடங்கு முதல் பத்து இலட்சம் மடங்குவரை பெருகுகிறது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வெள்ளி மின்முனையில் முதலில் காணப்பட்ட இப்பெருக்கம், 1977இல் தெளிவாக அறியப்பட்டது.

உப்பளக் கரையில் ஒரு சிக்கல் எழுகிறது. தங்கத் துகள்கள் நீரில் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கும். நீர் செந்நிறமாகத் தோன்றும். உப்பைச் சேர்த்தால் விலக்குவிசை தளர்ந்து துகள்கள் நெருங்கும். செந்நிறம் நீலமாக மாறும். அளவான நெருக்கம் நன்மையே. துகள்களின் இடைவெளியில்தான் ஒளி மிகுதியாகப் பெருகும். உப்பு மிகுந்தால் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். உவர்நீரில் கருவி பொய்யான விடை தரக்கூடும் என்பது இதனால் புலனாகும்.

இதற்குத் தீர்வாக அமைந்தவை 'அடையாளத் துகள்கள்'. தங்கத் துகளின்மீது தெளிவான நிறமாலை உடைய ஒரு மூலக்கூறை ஒட்டவைப்பர். அதன்மேல் சிலிக்கா என்னும் கண்ணாடிப் பொருளால் போர்த்துவர். வெளிப்புறத்தில் தேடும் பொருளை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளைப் பொருத்துவர். போர்வை துகள்களை ஒட்டாமல் காக்கும். துகள் இலக்கைப் பற்றியதும், ஒட்டாத துகள்களைக் கழுவி நீக்கிய பின், கருவி அடையாள மூலக்கூறின் கோட்டைப் படிக்கும்.

தெரியுமா?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர்தம் குழுவினரும், வெள்ளி, தங்க நானோ துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லிகளை நீக்கும் முறையை உருவாக்கினர்.

கருவியின் எல்லை

கருவி முதல் எச்சரிக்கையைத் தரும். ஆய்வகச் சோதனையே முடிவை உறுதிசெய்யும். நிறமேறிய நீர்மங்கள் தாமே ஒளிர்ந்து இராமன் ஒளியை மறைப்பதுண்டு. மேலும் கருவி மருந்தாகாது. ஐயத்திற்குரிய நீர்மத்தில் இருப்பது இன்ன நஞ்சு எனச் சில நிமிடங்களில் தெரிந்தால், அதனை அருந்தியவருக்கு மருத்துவர் உரிய மாற்று மருந்தையும் குருதிச் சுத்திகரிப்பையும் காலந்தாழ்த்தாது தொடங்கலாம். அதே பொருள் பிறர் கைக்குச் செல்லாமல் தடுக்கலாம். பெருநகர ஆய்வகத்தில் உள்ள அறிவு கடற்கரைச் சிற்றூருக்கும் உரிய நேரத்தில் சென்று சேரும்போதே அறிவியலின் பயன் முழுமை பெறும்.

சிந்தனை வினாக்கள்

1. எத்தனாலையும் மெத்தனாலையும் இராமன் நிறமாலை எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுகிறது?
2. உவர்நீரில் தங்கத் துகள்கள் நிறம் மாறுவதன் காரணத்தை விளக்குக.
3. 'கருவி மருந்தாகாது' என்னும் கூற்றை உம் ஊரின் சூழலோடு பொருத்தி எழுதுக.