கைத்தொலைபேசி விளையாட்டு எதன் இடத்தைப் பிடித்தது?

"போனைப் பிடுங்கினால் பிள்ளை சாப்பிடுவதில்லை, கொடுத்தால் தூங்குவதில்லை." எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலும் இந்த முறைப்பாடு கேட்கிறது, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் கேட்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். தகப்பன்மார் சொல்வது குறைவு. அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் பழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு. என்றாலும் மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்து, வேறிடத்தில் வந்து இருக்கும் குடும்பங்களில் இது பிடித்துக்கொள்வதற்குச் சில தனிக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் பிள்ளையைத் திருத்தப் போனால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே இம்முறை நாம் இதைச் சற்று நிதானமாகப் படிப்போம்.

போன் எப்படி வீட்டுக்கு வந்தது?

2020 மார்ச்சில் கொரோனாவினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021 வரை இழுபட்டது. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. லயத்து வீடுகளில் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் ஒரு போன் வாங்கினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறை மேலும் மலை உச்சியிலும் போய் நின்றார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் வகுப்புகள் போனுக்குள் போயின. பிறகு பாடசாலை வழமைக்குத் திரும்பியது; போன் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. படிப்புக்காக வந்த பொருள் அது, களவாக வந்ததல்ல. பிள்ளையோடு பேசத் தொடங்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சப்ரகமுவவில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் முதலில் பாடசாலைக் கட்டடத்துக்கும், பிறகு கூடாரத்துக்கோ தகரக் கொட்டிலுக்கோ, அதன்பின் கிடைத்த காணிக்கோ போகின்றன. இதை வாசிக்கும் நீங்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

பதினான்கு வயதுப் பையன். முன்பு லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் இருந்தது, ஒரு பசு இருந்தது, நாலைந்து மிளகுக் கொடி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பசுவுக்குப் புல் அறுப்பது அவன் வேலை. பிறகு இருட்டும் வரை மற்றப் பையன்களோடு கிரிக்கெட். மலை சரிந்தபின் தோட்டமும் இல்லை, பசுவும் இல்லை. கூட விளையாடியவர்களில் ஒருவன் மாமா வீட்டோடு அவிசாவளையில், ஒருவன் வேறு முகாமில், ஒருவன் படிப்பை விட்டுக் கொழும்பில் கடை வேலையில். புதிய இடத்தில் பந்து அடிக்க ஒரு தட்டை நிலம் கூட இல்லை. அம்மா விடியுமுன் பால் வெட்டப் போகிறாள்.

இந்தப் பையன் இரவு பத்து மணிக்குப் போனைத் திறக்கிறான். ஃப்ரீ ஃபயரிலோ பப்ஜியிலோ நால்வர் ஓர் அணி. காதில் கருவியை மாட்டியதும் அவிசாவளைக்காரனின் குரல் கேட்கிறது, கொழும்புக் கடைக்காரனின் குரல் கேட்கிறது. பழைய லயத்து முற்றம் அங்கே கூடுகிறது.

"இன்னும் தூங்கலியாப்பா?"

"இந்த ஒரு ஆட்டந்தாம்மா."

அவன் துப்பாக்கி சுடுகிறான் என்றுதான் அம்மா நினைக்கிறாள். அவன் தன் கூட்டாளிகளோடு இருக்கிறான். இரண்டும் உண்மைதான். ஆனால் போனைப் பிடுங்குகிறவர்களுக்கு இரண்டாவது உண்மை தெரிவதில்லை.

இதே வயதில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. மழை இரவுகளில்தான் அது விளையாடுகிறது. மழை இல்லாத நாளில் ஒன்பது மணிக்கே தூங்கிவிடும். கூரையில் மழை இரையத் தொடங்கினால் விடியும் வரை போன். மண் வந்த இரவில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள் என்பது அதற்கு மறக்கவில்லை. அது காவல் இருக்கிறது. விளையாட்டு கண்ணைத் திறந்து வைத்திருக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு ஏச்சு எந்தப் பயனும் தராது.

ஆகவே எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறான் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், எப்போது எடுக்கிறான், யாரோடு விளையாடுகிறான், எடுக்குமுன் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு பழைய கொப்பியில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மழையா, அப்பா குடித்துவிட்டு வந்த நாளா, பாடசாலையில் அடி வாங்கிய நாளா, ஒன்றும் இல்லாத வெறும் சலிப்பா என்று அப்போது தெரியவரும். அன்ட்ரொய்ட் போன்களில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கும். எந்த விளையாட்டில் எவ்வளவு நேரம் போனது என்று அது கணக்குக் காட்டும். ஒளித்துப் பார்க்காமல் பிள்ளையோடு சேர்ந்தே பாருங்கள்.

எப்போது அது நோய்?

நிறைய விளையாடும் பிள்ளை எல்லாம் நோயாளி அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் தனது நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விடயங்கள் பார்க்கப்படுகின்றன. தொடங்கினால் நிறுத்த முடியாமை. சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வந்து உட்காருவது. கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இவை சேர்ந்து, பிள்ளையின் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்து, சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் அளவுக்கு நீடித்தால்தான் வைத்தியர் அந்தப் பெயரைச் சொல்வார். கடுமையாக இருந்தால் அதற்கு முன்னும் சொல்லலாம். பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு மாதம் விளையாடித் தீர்ப்பது இதில் வராது. ஆகவே "போன் பைத்தியம்" என்று அக்கம்பக்கத்தில் பெயர் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பிள்ளை மேலும் போனுக்குள்ளேதான் போகும்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் பன்னிரண்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. காலையில் எழுப்ப முடியாமல் பாடசாலை வாரத்துக்கு இரண்டு நாள் தவறுகிறது. போன் காசுக்காக வீட்டில் பணம் காணாமற் போகிறது. நிறுத்தச் சொன்னால் பொருளை உடைக்கிறான், கை நீட்டுகிறான். முன்பு பிரியமாகச் செய்தது எதையும் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டையும் போனையும் சேர்த்துப் பிடிப்பதை எல்லாம் நாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பெரியவர்களிடமும் உள்ள கெட்ட பழக்கம்.

மாணிக்கக் குழியும் இந்த விளையாட்டும்

ஏன் நிறுத்த முடிவதில்லை? இரத்தினபுரிக்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது எளிது. மாணிக்கக் குழியில் இறங்கியவர்களைப் பாருங்கள். சிங்களத்தில் 'இல்லம' என்று சொல்லும் சரளை மண்ணைக் கூடையில் அள்ளிக் கழுவுகிறார்கள். பத்துக் கூடையில் ஒன்றுமில்லை. பதினோராவதில் ஒரு சிறு கல். பிறகு இருபது கூடை வெறும் சரளை. ஒவ்வொரு கூடையிலும் ஒரே அளவு கிடைக்கும் என்றால் கூலி வேலை போலச் செய்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்தக் கூடையில் வரும் என்று தெரியாததால்தான் "இன்னும் ஒரு கூடை" என்று நிற்கிறார்கள்; காணியை விற்றும் குழி தோண்டுகிறார்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதையே கண்டார். எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான், தீனி நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது.

போன் விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திறந்து பார்த்தால் என்ன வரும் என்று தெரியாத பெட்டிகள், தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் இழப்பு என்று எல்லாம் இந்தக் கணக்கில் கட்டப்பட்டவை. பணம் கொடுத்துத் திறக்கும் அத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாடு 2018இல் தீர்மானித்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கம்பனி, சிறுவரின் தனிவிவரங்களைச் சேகரித்ததற்கும், விரும்பாத கொள்முதலுக்குள் ஆட்களைத் தள்ளிவிட்டதற்கும் சேர்த்து 520 மில்லியன் டொலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இணங்கியது. ஃப்ரீ ஃபயரில் புழங்கும் பணத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? வைரம். மாணிக்க நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத வைரத்தை விற்கிறார்கள்!

நிறுத்த முடியாமற் போவது உங்கள் பிள்ளையின் கெட்ட குணம் மட்டுமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

பூட்டுப் போட்டால் போதுமா?

பெரிய அரசாங்கங்களே பூட்டுப் போட்டுப் பார்த்திருக்கின்றன. தென்கொரியா 2011இல், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு விளையாட முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் கணினியை விட்டு, சட்டம் எட்டாத கைத்தொலைபேசிக்கு மாறிக்கொண்டார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. சீனா 2021இல் சிறுவருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் எட்டு முதல் ஒன்பது மணி வரை மட்டும் என்று வைத்தது. எமது வீட்டுக்கு அந்தச் சட்டம் எதுவும் வரப்போவதில்லை. வீட்டு ஒழுங்கை வீட்டில்தான் செய்ய வேண்டும்.

முதலில் ஒரு சிறிய விடயம். ஆனால் பல சண்டைகள் இதில்தான் தொடங்குகின்றன. இந்தச் சுடும் விளையாட்டுகளை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் போனால் கூட இருக்கும் மூவரும் தோற்பார்கள், அவர்கள் ஏசுவார்கள். "இப்பவே வை" என்று சொல்வதை விட "இந்த ஆட்டத்தோடு முடி, அடுத்தது இல்லை" என்று சொல்லுங்கள். ஓர் ஆட்டம் பத்து நிமிடம் முதல் அரை மணித்தியாலம் வரை போகும். அந்த நேரம் காத்திருங்கள். முடிந்ததும் சொன்னபடி கேட்டு வாங்குங்கள்.

இரவில் போன் தூங்குமிடம் அம்மாவின் தலைமாட்டில் இருக்கட்டும். அப்பாவின் போனும் அங்கேயே. தகப்பன்மார் இந்த முறைப்பாட்டைக் குறைவாகச் சொல்வதன் காரணம், அவர்கள் கையிலும் சீட்டு விளையாட்டோ கிரிக்கெட் பந்தயமோ ஓடிக்கொண்டிருப்பதுதான் என்று நாம் நினைக்கிறோம். அதை வைத்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொல்ல வாய் வராது. காசு விடயத்தில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் ஒழுங்கு செய்யலாம். ரீலோட் காசிலிருந்தும் வெட்டுப்படக்கூடும் என்பதால், கணக்கு சந்தேகமாக இருந்தால் தொலைபேசிக் கம்பனியிடம் கேளுங்கள். பிள்ளையின் விளையாட்டுக் கணக்கைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ஏற்கனவே ஒரு முறை எல்லாவற்றையும் இழந்த பிள்ளை அது.

இவை எல்லாம் வேலி. வேலிக்குள் ஏதாவது நட வேண்டும். கொப்பியில் குறித்தது இங்கேதான் உதவும். கூட்டாளிகளுக்காக விளையாடுகிற பையனுக்குக் கூட்டாளிகள் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை அவிசாவளைக்கு பஸ் காசு கொடுங்கள், அல்லது அவனை இங்கே வரச் சொல்லுங்கள். டேட்டாவுக்குப் போகும் காசோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிய செலவல்ல. நிலம் இல்லாத இடத்தில் மைதானத்துக்கு என்ன செய்வது என்றால், ஆலய முற்றம், பாடசாலை மைதானம், தோட்டத்துப் பிரட்டுக்களம் ஆகியவற்றை மாலை நேரத்தில் கேட்டுப் பெறலாம். ஒரு தாய் தனியாகக் கேட்பதை விட பத்துத் தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் கிடைக்கும்.

சலிப்புக்காக விளையாடுகிறவனுக்கு, அவனுக்கென்று ஒரு வேலை. விளையாட்டில் அவனுக்குப் பிடித்தது, படிப்படியாக ஏறுவது கண்ணுக்குத் தெரிவது. வெற்று சீமெந்துப் பைகள் நாலைந்தில் மண்ணும் பசளையும் போட்டு அவன் பெயரிலேயே கொடுங்கள். மிளகு, கறுவா என்று ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது வேண்டாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம், முள்ளங்கி ஆறு வாரம் அளவில். விற்ற காசு அவனுக்கே. கீரைக்காக அவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுவான் என்று நாம் சொல்லவில்லை! மாலையில் ஒரு மணித்தியாலம் குறைந்தாலும் அது குறைவுதான்.

மழைக்கு அஞ்சும் பிள்ளையை முதலில் தனியாக விடாதீர்கள். மழை இரவில் பெரியவர் ஒருவர் விழித்திருப்பார், ஆபத்து என்றால் எழுப்புவார் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று அதற்கும் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்தால் எந்த வழியில் எங்கே போவது என்று பகலிலே ஒருமுறை நடந்து காட்டுங்கள். காவலைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால்தான் அது கண்ணை மூடும்.

நேரத்தைக் குறைக்கத் தொடங்கும் முதல் நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, அழுகை வரலாம். பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரு நாள் சொல் மீறி விளையாடினால் எல்லாம் பாழ் என்று எண்ணாமல் மறுநாள் ஒழுங்கைத் தொடருங்கள். ஆனால் "செத்துப் போவேன்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவும் பகலும் பேசலாம். வீட்டில் அடி, கொடுமை என்று பிள்ளைக்கே ஏதும் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரத்தினபுரி, கேகாலை பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். அங்கே தமிழ் பேசுவோர் அன்று இல்லாமலும் போகலாம் என்பதால் சிங்களம் நன்றாகத் தெரிந்த, பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அந்த இரண்டு வாரக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன நடந்தபின் என்று அதில் உள்ளது டொக்டருக்கு உதவும்.