மோட்டார் வண்டியிற் பதித்த கருவிகளும் அவற்றின் காவலும்

கையிற் கொண்டு செல்லும் பொருளைக் காக்க வேண்டுமென்பதை யாவரும் அறிவர். பணத்தை மடியிற் செருகுகிறோம். நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆனால் ஒரு பொருள் சுவரிலோ வண்டியிலோ பதிக்கப்பட்டுவிட்டால், அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடுவது மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மோட்டார் வண்டிகளிற் பதிக்கப்பெற்ற மின்னணுக் கருவிகளின் வரலாறு நன்கு காட்டுகின்றது. அக்கருவிகள் யாவை, கள்வர் அவற்றை நாடுவது ஏன், அவற்றைக் காக்கும் வழிகள் எவை என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இது பெருநகரச் செல்வர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம் போன்ற சிற்றூரில், ஒரு வாடகைக் காரோ சிறு சரக்கு வண்டியோ ஒரு குடும்பத்தின் உழவுமாட்டுக்கு ஒப்பாகும். திண்டிவனத்து மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் செல்வதும், விழுப்புரத்துக்குக் காய்கறி கொண்டு போவதும் அவ்வண்டியே. அதன் தவணைப் பணத்தை மாதந்தோறும் கட்ட வேண்டும். வண்டி ஓடினால்தான் தவணை கட்டலாகும். கைக்கு அடக்கமான ஒரு கருவி களவு போய் வண்டி நின்றுவிடுமாயின், நிற்பது வண்டி மட்டுமன்று, அடுப்பும் நின்றுவிடும்.

இக்கருவிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, கேட்கவும் பார்க்கவும் உதவுவன. 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் என்பாரின் தொழிற்சாலை ‘மோட்டரோலா’ என்னும் பெயருடன் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய ஸ்டீரியோவும் தொடுதிரையும் அதன் வழிவந்தவையே. இரண்டாவது, எஞ்சினை ஆளும் கருவி. இதனை மெக்கானிக்குகள் ‘ஈ.சி.எம்.’ என்பர். எவ்வளவு எரிபொருளை எந்நொடியிற் செலுத்த வேண்டுமென்று கணக்கிட்டு ஏவும் மூளை இதுவே. மூன்றாவது, வண்டியின் கண்ணும் காதுமாக உள்ள காமிராக்கள், உணர்விகள், மின்விசையால் மடங்கும் பக்கக் கண்ணாடிகள் முதலியன. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு ‘பாரத் ஸ்டேஜ் 6’ என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தபின், புதிதாக விற்கப்படும் பெட்ரோல், டீசல் வண்டிகளில் சிறு சரக்கு வண்டியும் இத்தகைய மூளையின்றி ஓடுவதில்லை. ஆகவே ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது இன்று இன்றியமையாத உறுப்பாகிவிட்டது.

இனி, கள்வர் இவற்றை நாடுவதன் காரணத்தை நோக்குவாம். முழு வண்டியைத் திருடினால் அதனை மறைக்க இடம் வேண்டும். பதிவெண்ணை மாற்ற வேண்டும். சாலையிற் செலுத்தினால் பலர் கண்ணிற் படும். ஈ.சி.எம். போன்ற கருவியோ ஒரு துணிப்பையில் அடங்கும். சில திருகாணிகளைக் கழற்றி, இணைப்புக் கம்பிகளை அறுத்துவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாங்கவும் ஆள் உண்டு. தில்லியில் இக்கருவிகளையே குறிவைத்துத் திருடிய கும்பல்களை அந்நகரக் காவல்துறையினர் அண்மை ஆண்டுகளிற் பிடித்துள்ளனர். இக்களவில் ஒரு கொடுமை யாதெனின், கள்வன் பெறும் ஊதியம் சிறிது; உரியவன் அடையும் நட்டம் பெரிது. கள்வன் அதனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறான். உரியவனோ புதுக் கருவிக்கு முழு விலையும், அறுபட்ட கம்பித்தொகுதிக்குத் தனி விலையும் கொடுத்து, கருவி வந்து சேரும் வரை வருவாயுமின்றி இருக்க வேண்டியவனாகிறான்.

இத்தொல்லைக்கு உலகம் கண்ட மருந்துகளைக் கார் ரேடியோவின் கதையிற் காணலாம். சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் நியூயார்க் நகரத்தில் ரேடியோத் திருட்டு மிகுந்தது. அதனால் வண்டியுடையார் பலர், ‘இவ்வண்டியில் ரேடியோ இல்லை’ என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைக்கலாயினர். பின்னர் ரேடியோவைப் பெட்டியோடு உருவிக் கையில் எடுத்துச் செல்லும் முறை வந்தது; அது சுமையாகத் தோன்றவே, முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளும் முறை வந்தது. இவையனைத்தும் பொருளை மறைக்கும் வழிகள்.

வேறொரு வழியும் தோன்றியது. பாட்டரியினின்று பிரிக்கப்பட்ட ரேடியோ, உரியவன் மட்டும் அறிந்த இரகசிய எண்ணை மீண்டும் அழுத்தினாலன்றிப் பேசாதபடி செய்தனர். இதனால் ரேடியோவைப் பறிப்பது அரிதாகவில்லை. பறித்தும் பயனில்லை என்பதே புதுமை. கள்வன் அறிந்து விலகும்பொருட்டு இச்செய்தியைக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்தனர். அதன்பின் ரேடியோவை அந்தந்த வண்டியின் முகப்புப் பலகைக்கேற்ற வடிவிற் செய்து, பிற வண்டியிற் பொருந்தாதபடி ஆக்கினர். பூட்டினாற் காப்பது ஒரு வகை. பிறர்க்குப் பயன்படாமற் செய்து காப்பது மற்றொரு வகை. பின்னதே சிறந்ததென்பது என் துணிபு.

இக்கருத்து நம் பகுதியார்க்குப் புதிதன்று. பிரம்மதேசத்தை அடுத்துள்ள எசாலத்தில், 1987 ஆம் ஆண்டில் கோயில் திருப்பணியின்போது இராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. அக்காலத்து அரசர் செப்பேடுகளைத் துளையிட்டு வளையத்திற் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் கூடும் இடத்தை அரச முத்திரையால் அடைத்தனர். ஓர் ஏட்டை உருவவோ புதிதாக ஒன்றைச் செருகவோ வேண்டுமாயின் வளையத்தை அறுக்க வேண்டும்; அறுத்தால் வஞ்சகம் வெளிப்படும். அவ்வளையம் ஏடுகளை இரும்புப் பெட்டி போலக் காக்கவில்லை. ஒவ்வோர் ஏட்டையும் அதன் முழுமையோடு பிணைத்துக் காத்தது. உறுப்பை வண்டியோடு பிணைக்கும் இக்காலத்துக் கலையும் இத்தகையதே.

அக்கலையின் சிறந்த பயன் ‘இம்மொபிலைசர்’ என்னும் காப்புக் கருவி. சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லு மறைந்துள்ளது. சாவியைத் திருப்பும்போது வண்டியின் மூளை அச்சில்லை ஒரு கேள்வி கேட்கும். ஏற்ற மறுமொழி வந்தாலன்றி எஞ்சின் இயங்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 1998 முதல் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கின. நெதர்லாந்து நாட்டின் கணக்குகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் இருவர், 1995 முதல் 2008 வரையுள்ள காலத்தில் இக்கருவியால் கார்த்திருட்டு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததென மதிப்பிட்டு 2016 இல் வெளியிட்டனர்.

ஆயினும் எந்தப் பூட்டும் என்றும் இளமையாய் இருப்பதில்லை. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், பல வண்டிகளின் சாவிச்சில்லிற் பயன்பட்ட மறைமொழியை உடைத்துக் காட்டினர். 2011 இல் சூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர், வீட்டினுள் இருக்கும் சாவியின் மெல்லிய வானொலி அலையைத் தொலைவுக்குக் கடத்தி, கையால் தொடாமலே கதவைத் திறந்து வண்டியைக் கிளப்பலாமென்று பத்து வகைக் கார்களில் மெய்ப்பித்தனர். 2023 இல் மற்றொரு முறை விளக்கப்பட்டது. வண்டியின் கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்னும் இணைப்பு முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்டிருந்தது. முன்விளக்கின் அருகே அக்கம்பியைத் தொட்டுப் பொய்யான கட்டளையைப் புகுத்திக் கள்வர் வண்டியை ஓட்டிச் செல்வது வெளிப்பட்டது. நம் மாநிலத்திலும் 2025 ஆம் ஆண்டில், சென்னை அண்ணா நகரிற் களவு போன உயர்விலைக் கார் ஒன்றன் வழக்கில், மின்னணுக் கருவிகளின் துணையாற் பல மாநிலங்களிற் கார் திருடியவர் எனக் காவல்துறை கூறிய ஒருவர் புதுச்சேரியிற் கைது செய்யப்பட்டார். ஆதலின் ஒரு காவலை மட்டும் நம்பாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காவல்களை அமைப்பதே அறிவுடைமை.

வண்டியுடையார் எளிதிற் செய்யத்தக்கவற்றை இங்குக் கூறுவாம்.

முதலாவது, இடம். இரவில் வண்டியை ஒளியுள்ள இடத்தில், ஆள் நடமாட்டம் தெரியும்படி நிறுத்துக. எஞ்சின் மூடி சுவரை ஒட்டி இருக்குமாறு நிறுத்தினால், முன்புறத்து மூடியைத் தூக்குவது அரிதாகும். நெடுஞ்சாலை ஓரத்தில் உறங்கும் ஓட்டுநர், தனித்து ஓரிடத்தில் நிறுத்தாது, பிற வண்டிகள் கூடிய இடத்தில் நிறுத்துதல் நன்று.

இரண்டாவது, தடை. ஈ.சி.எம். வெளியே தெரியும்படி அமைந்த சரக்கு வண்டிகளில் அதன்மேல் இரும்புக் கூடு பொருத்தி, முடுக்கியபின் தலை முறிந்துவிடும் திருகாணிகளால் இறுக்கலாம். கூட்டை உடைக்க முடியாதென்பதன்று. உடைக்க ஒலியும் நேரமும் ஆகும். கள்வன் அஞ்சுவது அவ்விரண்டையுமே. ஸ்டீரிங்கைப் பூட்டும் இரும்புத் தண்டும், அசைத்தால் ஒலிக்கும் அலாரமும் இவ்வகையினவே. அலாரமோ புதுத்திரையோ பொருத்துவோர், கம்பியை அறுத்து ஒட்டாமல், அதற்கென்று விற்கும் கப்ளரைக் கொண்டு இணைக்கச் சொல்லுக. கண்ட இடத்தில் அறுத்த கம்பி பழுதுக்கும் தீக்கும் வழியாகும்.

மூன்றாவது, சாவி. பொத்தானை அழுத்தாமலே திறக்கும் சாவியை வாயிற்கதவின் அருகே மாட்டாது, அலையைத் தடுக்கும் உலோகப் பையில் இடுக. வண்டி வாங்கும்போது தரும் இரண்டாம் சாவியை வண்டிக்குள்ளேயே வைப்பது, பூட்டிய வீட்டின் திறவுகோலை வாயிற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, அடையாளம். இதற்குச் செலவு மிகச் சிறிது. ஆயினும் செய்வார் அரியர். ஒவ்வொரு கருவியின் தொடர் எண்ணையும் குறித்து, படமும் எடுத்து, வீட்டில் வைத்துக்கொள்க. கருவியின் ஓட்டிலும் கண்ணாடியிலும் வண்டியின் பதிவெண்ணைப் பொறித்து விடுக. பொறித்த கருவியை வாங்குபவன் அஞ்சுவான். அவன் அஞ்சினால் திருடுபவனும் தயங்குவான். இரகசிய எண் வைக்கும் வசதியுள்ள திரையாயின் அதனைத் தவறாது பயன்படுத்துக.

ஐந்தாவது, இன்ஷூரன்ஸ். வண்டி செய்தவர் பொருத்தாது, நாமே கடையில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ முதலியவற்றைத் தனியே அறிவித்து, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்தினாலன்றி நட்டஈடு கிடைப்பது அரிது. களவு நேர்ந்துவிட்டால் எதனையும் தொடாமற் படம் எடுத்து, உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன் பழுது நீக்கிவிடலாகாது. களவு எவ்வூரில் நேர்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாமென்பதை 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாக்கியுள்ளது. பிரம்மதேசத்து ஓட்டுநரின் வண்டியிற் சேலத்தருகே களவு நேர்ந்தாலும், அவர் சொந்த ஊர் திரும்பி முறையிடத் தடையில்லை.

இத்துணையும் உரியவன் செய்யத்தக்க காவல். ஆயின் இவற்றினும் பெரிய காவல் ஒன்று உண்டு; அது நம் அனைவர் கையிலும் உள்ளது. திருடன் திருடும் கருவியைத் தான் வைத்துக்கொள்வதில்லை, விற்கவே திருடுகிறான். வாங்குவார் இல்லையெனில், கருவியை வேரோடு பெயர்த்தாலும் அவனுக்கு அது வெறும் தகரமே. பழைய உதிரிபாக வாணிகம் தன்னளவில் இழிவானதன்று. சென்னைப் புதுப்பேட்டை போன்ற அங்காடிகளால் ஏழை ஓட்டுநர் பலர் குறைந்த விலையில் வண்டியைப் பழுது பார்த்து வாழ்கின்றனர். விபத்தில் அழிந்த வண்டியின் நல்ல உறுப்பு மற்றொரு வண்டிக்கு உயிர் தருவது நன்றேயாம். வேண்டுவது ஒன்றே: இப்பொருள் எவ்வண்டியினின்று வந்தது என்று கேட்கும் வழக்கமும், அதற்கு இரசீது கொடுக்கும் வழக்கமும். பாதி விலைக்கும் குறைவாக, இரசீதின்றி, தொடர் எண் சுரண்டப்பட்டுக் கம்பி அறுபட்ட வாயோடு ஒரு கருவி கிடைக்குமாயின், அதன் வரலாற்றை அறிய வேறு சான்று வேண்டா.

சட்டமும் இதனை மறக்கவில்லை. பாரதீய நியாய சன்ஹிதாவின் 303 ஆம் பிரிவு திருட்டைத் தண்டிக்கிறது. 305 ஆம் பிரிவு, சரக்கும் பயணிகளும் ஏற்றும் வண்டியினின்று பொருள் திருடுவோர்க்கு ஏழாண்டு வரை சிறை கூறுகிறது. 317 ஆம் பிரிவோ திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்கியவனை மட்டுமன்றி, அவ்வாறு நம்பத்தக்க காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கியவனையும் தண்டிக்கிறது. ‘நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை’ என்னும் விடை எப்பொழுதும் காப்பாற்றாது.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை வண்டியுடையார் ஆவீர். சிலர் பொறியியல் கற்று இக்கருவிகளை அமைப்பீர். சிலர் காவல்துறையிலும் வழக்குமன்றத்திலும் பணியாற்றுவீர். அனைவரும் என்றேனும் ஒருநாள் பழைய பொருளொன்றை மலிவாக வாங்கும் வாய்ப்பைப் பெறுவீர். அமைப்பவர், பிற வண்டியிற் பயன்படாத கருவியை அமைக்கட்டும்; உடையவர், அதன் எண்ணைக் குறித்து வைக்கட்டும்; வாங்குபவர், அது வந்த வழியைக் கேட்கட்டும். ஏதோ ஓர் ஊரில் விடியற்காலையில் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஓர் ஓட்டுநரின் முகத்தை, மலிவான பொருளைக் கையிலெடுக்கும் அந்நேரத்தில் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.